மூன்று டோக்கன்களும் ஒரு டீயும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே நான்கு வருஷம் ஓடிவிட்டது. நடுவில் ஒரு தடவை நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டேன். கீழே ஒரு வரி எழுதினேன், அடித்தேன், மூடி வைத்துவிட்டேன். பிறகு அந்த நோட்டை என் மனைவி எடுத்து, மார்கழிக்குக் கோலம் போட்டுப் பார்க்க வைத்துக்கொண்டாள். சுழிக்குக் கீழே அவள் வைத்த புள்ளிகள் இன்னும் இருக்கின்றன.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்து வராதே என்று நான் தயங்கவில்லை. எழுதினால் ஊரில் எனக்கிருக்கும் நல்ல பெயர் போய்விடுமே என்றுதான் தயங்கினேன். அந்தப் பெயர் முழுப் பொய்யும் இல்லை, பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு இத்தனை நாள் கோயிலில் கைகூப்பி நின்றிருக்கிறேன். சுவாமிக்குத் தெரியும். இனிமேல் உங்களுக்கும் தெரியட்டும்.

எங்கள் ஊர் திருப்பனந்தாளுக்குக் கிழக்கே, வாய்க்கால் ஓரம். மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலம், ஒரு பசு, ஒரு ஓட்டு வீடு. ஊர்ச் சிவன் கோயிலுக்கு அபிஷேகத்துக்கு ஆற்றிலிருந்து தினம் ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் வைப்பேன். ஆறு காய்ந்த மாதங்களில் பம்புசெட்டிலிருந்து. சம்பளத்துக்குச் செய்வதில்லை, மனசுக்குச் செய்வது.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், அவளுடைய அக்கா ஒன்றைக் கொடுத்தார். அக்கா பேராவூரணிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர், தென்னந்தோப்புக்காரர் வீடு. ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அது அவளுக்கு ஒத்துக்கிச்சா?" என்பதுதான். ஒத்துக்கொண்டது. ஆனால் வந்த உறுப்பை உடம்பு அந்நியம் என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்காக ஆயுசு முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்பு சக்தியையும் சேர்த்துத்தான் அடக்கும். காலையில் எட்டு மணி, ராத்திரி எட்டு மணி. எட்டடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே அவள் தம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். தெருவில் யாருக்காவது ஜலதோஷம் என்றால் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். ஐந்தாறு வருஷம் அவளை அப்படிக் காப்பாற்றினேன்.

பிறகு கொரோனா வந்தது. முதல் வருஷம் எப்படியோ தப்பித்தோம். இரண்டாம் வருஷம் சித்திரையில் எங்கள் பக்கம் ஊசி போட ஆரம்பித்தார்கள். தஞ்சாவூரில் அவளைப் பார்க்கும் டாக்டர் உடனே போட்டுக்கொள்ளச் சொன்னார். போட்டோம். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார்.

"இந்த மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு ஊசி போட்டாலும் முழுசாப் பிடிக்காமப் போகலாம். அதனால வீட்டுல இருக்குற நீங்க கண்டிப்பாப் போட்டுக்கணும். நீங்க போட்டுக்கறதும் அவங்களுக்குப் போட்ட மாதிரிதான்."

தலையை ஆட்டினேன். முதல் பாதி காதில் விழுந்தது. இரண்டாம் பாதி ஏன் மனசில் நிற்கவில்லை என்று கேட்டால், அதற்கு எங்கள் ஊர் வாய்க்காலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தண்ணீர் குறைவாக வரும் வருஷங்களில் எங்கள் வாய்க்காலில் முறை வைத்துப் பாய்ச்சுவோம். யார் வயலுக்கு எந்த நேரம் என்று ஊர் கூடிப் பேசிக்கொள்வது. வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பிரியும் வாய் மடை. ஆரம்பத்தில் இருக்கிற தலைமடைக்காரன் தன் மடையை மூடினால்தான் கடைசியில் இருக்கிற கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் எட்டும். என் வயல் தலைமடை. என் முறை முடிவதற்கு அரைமணி நேரம் முன்னாலேயே மூடிவிடுவேன். கடைமடைக்குப் போகட்டும், நமக்கு இது போதும் என்பேன். ஊரில் என்னைப் பற்றி நல்லதாக எது சொன்னாலும் இதில்தான் ஆரம்பிப்பார்கள்.

ஒருத்தன் மட்டும் சொல்லமாட்டான். என் சித்தப்பா மகன். கடைமடை அவனுடையது. ஒரு வறட்சி வருஷம் வாய்க்கால் கரையில் பத்துப் பேர் இருக்கும்போது சொன்னான்:

"அண்ணன் மடைய மூடுறாருன்னா, மொதல்ல வரப்புல யாராச்சும் நிக்கிறாங்களான்னு பாப்பாரு. ஆள் இருந்தாத்தான் மூடுவாரு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அன்றோடு அவனோடு பேச்சை விட்டேன். ஏழு வருஷம். அவன் சொன்னது உண்மையாக இல்லாதிருந்தால் அவ்வளவு கோபம் வந்திருக்காது என்று இப்போது தெரிகிறது.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் யாரும் வரவில்லை, எல்லோருக்கும் பயம். பிறகு அக்கம்பக்கத்து ஊர்களில் இரண்டு மூன்று சாவு விழுந்ததும் ஊசி போடும் பள்ளிக்கூடத்தில் கூட்டம் நெரிந்தது. மருந்து குறைவு. காலையில் போய் வரிசையில் நின்று டோக்கன் வாங்க வேண்டும். எல்லோரும் முண்டுவதைப் பார்த்ததும் எனக்கு வாய்க்கால் ஞாபகம்தான் வந்தது. மருந்தும் தண்ணீர் மாதிரிதானே. நான் ஒரு ஊசியை விட்டுக்கொடுத்தால் அது இன்னொருவருக்குப் போகும். என் மனைவிதான் எங்கள் வீட்டுக் கடைமடை. அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி நான் திடகாத்திரமான ஆள், எனக்கென்ன அவசரம்.

முதல் டோக்கனைக் கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாவுக்குக் கொடுத்தேன். அவர் அழுதுவிட்டார். இரண்டாவதை, நோயாளிகளை ஏற்றிக்கொண்டு கும்பகோணத்துக்கும் ஊருக்குமாக ஓடிக்கொண்டிருந்த ஆட்டோக்காரருக்குக் கொடுத்தேன். மூன்றாவது டோக்கன் வாங்கிய அன்று என் சித்தப்பா மகன் வந்தான். நாற்றங்காலில் வேலை முடித்துச் சேறும் காலுமாக வந்து நின்றான். டோக்கன் தீர்ந்துவிட்டது என்று கிராம நர்சம்மா கையை விரித்தார். நான் என் டோக்கனை அவன் பக்கம் நீட்டினேன். ஏழு வருஷத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இது:

"ஊரே பாக்குது, அதான் நீட்டுறீங்க. எனக்கு வேணாம்."

நர்சம்மா குறுக்கே வந்தார். "ஐயா, உங்க வீட்டம்மா மாத்திரை சாப்பிடுறவங்கல்ல. மொதல்ல நீங்க போட்டுக்குங்க. இவருக்கு அடுத்த தடவை வாங்கித் தரேன்."

"அவளுக்குப் போட்டாச்சும்மா. கடைமடைக்குத் தண்ணி எட்டிடுச்சு. எனக்கு அடுத்த முறையில பாத்துக்கலாம்" என்றேன். வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே இன்னும் நாலு டோக்கன் கொடுத்திருப்பேன். நர்சம்மா அவன் பெயரை எழுதிக்கொண்டார். அவனும் முறைத்துக்கொண்டே போய்க் கையை நீட்டினான்.

இதுவரை ஊருக்குத் தெரியும். ஊர் சொல்லும் கதையும் இதோடு நின்று, அப்புறம் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்து, சுவாமி காப்பாற்றினார், அவர் செய்த புண்ணியம் என்று முடிந்துவிடும். நடுவில் ஒரு டீக்கடை இருக்கிறது.

அப்போது டீக்கடையில் யாரும் உட்காரக் கூடாது, பார்சல்தான் என்று அரசு உத்தரவு. கோயிலும் மூடியிருந்தது. குருக்கள் மட்டும் உள்ளே போய்ப் பூஜை செய்வார், நான் குடத்தை வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அதில் எனக்கு ரொம்ப வருத்தம். சுவாமிக்கும் எனக்கும் நடுவில் இவர்கள் யார் என்று வீட்டில் புலம்பியிருக்கிறேன். மூன்றாவது டோக்கனைக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது டீக்கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே பேச்சு. யாரோ குனிந்து என்னைப் பார்த்துவிட்டு, "வாங்கய்யா, உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கோம்" என்றார்.

செருப்பை வெளியே விட்டு, குனிந்து உள்ளே போனேன். ஐந்தாறு பேர், சின்ன இடம். டீ குடிக்க வேண்டுமே, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினேன். ஒரு டீ குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் எழுந்து போவார், இன்னொருவர் வருவார், அவருக்கு முதலிலிருந்து சொல்வார்கள். பூக்காரம்மா அழுததைச் சொல்வார்கள். நான், "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்பேன். அதில் ஒருவர் இருமிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும். எழுந்து வர மனம் வரவில்லை. காது வழியாகப் புகழ் போனது தெரிந்தது. மூக்கு வழியாக என்ன போனது என்பது நாலாம் நாள் தெரிந்தது.

உடம்பு வலித்தது. நாற்றங்கால் தண்ணீரில் நின்றதுதான் என்று நினைத்தேன். அவள் புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சுக்குக் கஷாயம் வைத்தாள். தள்ளிப் போ என்று நான் சொல்லவில்லை. எனக்குக் காய்ச்சல் இறங்கும்போது அவளுக்கு ஏறியது.

நர்சம்மா வந்து அவள் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் அந்தச் சின்ன மெஷினை மாட்டினார். முகம் மாறிவிட்டது. என்னை ஒரு தடவை பார்த்தார். போனை எடுத்து ஆம்புலன்சுக்குச் சொன்னார். எனக்குத் தொற்று இருந்ததால் கூடப் போகக் கூடாது. என் மனைவி மாத்திரை டப்பாவைத் தானே எடுத்துக்கொண்டாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். மூச்சு வாங்கிக்கொண்டே, "எட்டு மணி மாத்திரைய நான் பாத்துக்குறேன். நீங்க வெறும் வயித்தோட இருக்காதீங்க. ரசப்பொடி மேல் தட்டுல இருக்கு" என்றாள். ஏறி உட்கார்ந்து கதவு மூடும்வரை என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வாசல் கேட்டில் ஊராட்சி ஆள் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். யாரும் உள்ளே வரக் கூடாது, நான் வெளியே போகக் கூடாது. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் நான் அந்த வீட்டில் தனியாக இருந்தது அதுதான் முதல் தடவை. அவள் மூச்சு விடுவாளா என்பது ஒன்றுதான் யோசனை. பூஜை மாடத்தின் முன்னால் உட்கார்ந்தேன். அவளைக் கொடுத்துவிடு, காலத்துக்கும் குடம் சுமக்கிறேன் என்று வேண்டினேன். குடம்தான் ஏற்கெனவே சுமக்கிறேனே, புதிதாக என்ன கொடுக்கப்போகிறேன் என்று எனக்கே தோன்றியது. மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டுமே.

அன்று பேராவூரணியிலிருந்து அக்கா போன் செய்தார். ஒரு மாசத்துக்கு முன்னால் ஒரு தடவை, "நீங்க போட்டுட்டீங்கல்ல தம்பி?" என்று கேட்டிருந்தார். பேச்சை முடிப்பதற்காக "ம்" என்று சொல்லியிருந்தேன். இப்போது, "ஊசி போட்டுமா தம்பி உங்களுக்கு வந்துச்சு?" என்றார்.

"ஆமாக்கா" என்றேன்.

அவர் அழுகையை அடக்கிக்கொண்டு, "எங்கிட்டேருந்து ஒண்ணு அங்க இருக்கு தம்பி. பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

நான் சொன்ன பொய் அதோடு நிற்கவில்லை. ஊசி போட்டவருக்கே வந்துவிட்டதாம், அப்புறம் போட்டு என்ன பிரயோஜனம் என்று அக்கா வீட்டுப் பக்கம் பேச்சு கிளம்பிவிட்டது. அவர் மாமியாரும் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அக்காவே இதைச் சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை. அங்கேயே போனில் சொல்லிவிட்டேன். நான் போட்டுக்கொள்ளவில்லை, உங்களிடம் பொய் சொன்னேன் என்று. திட்டுவார் என்று காத்திருந்தேன். "சரி தம்பி. நான் போய் அத்தைகிட்ட சொல்லிடுறேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

தெருப் பெண்கள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து கேட்டில் மாட்டிவிட்டுப் போனார்கள். யார் வீட்டிலிருந்து எந்த வேளை என்று தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். முறை மாறினால் கேட்டில் நின்று சண்டை வேறு. என் குறுவை நாற்றங்கால் பச்சை பிடித்திருந்தது. தண்ணீர் பாய்ச்ச ஆளில்லை. ஒரு நாள் காலை கொல்லைக் கதவைத் திறந்து பின்னால் இருக்கிற வயலைப் பார்க்கிறேன், என் மடையை ஒருவன் வெட்டித் திறந்துகொண்டிருக்கிறான். என் சித்தப்பா மகன். பழி தீர்த்துக்கொள்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் தண்ணீர் என் நாற்றங்காலுக்குள் ஏறுகிறது. பாய்ந்து முடிந்ததும் மடையை அடைத்து, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். என் மனைவி திரும்பி வரும்வரை தினமும் வந்தான். ஒரு நாளும் வரப்பில் வேறு யாரும் நிற்கவில்லை.

பதினேழாம் நாள் அவள் வந்தாள். பாதியாகியிருந்தாள். வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. சிறுநீரகம் தப்பித்தது. நுரையீரலில் மட்டும் சேதம், மெல்ல மெல்லத்தான் சரியாகும் என்றார்கள். கூட ஒரு காகிதம் கொடுத்தார்கள். ஊசி போடாதவர்கள் கிட்டே வரக் கூடாது, வருகிறவர்கள் முகக்கவசம் போட வேண்டும், கூட்டம் கூடாது.

உடம்பு சரியில்லாதவரை வந்து பார்ப்பது எங்கள் பக்கத்தில் கட்டாயம். ஒரு சாத்துக்குடிப் பையோடு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு விசாரிக்க வேண்டும். வராவிட்டால் பகை, வந்தவரைத் திருப்பி அனுப்பினால் அதைவிடப் பகை. வராதீர்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்? அதற்கு முன்னால் அவளிடமே நான் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.

அவள் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். நான் எதிர்ச்சுவர் ஓரமாக, முகக்கவசத்தோடு. டோக்கன் விஷயத்தைச் சொன்னேன். "தெரியும். நர்சு சொன்னுச்சு" என்றாள். டீக்கடை விஷயத்தைச் சொன்னேன். அது அவளுக்குத் தெரியாது. சாதத்தைப் பிசைந்த கை அப்படியே நின்றது. கோபமில்லாமல், ஏதோ வயல் வேலையைப் பற்றிப் பேசுகிற மாதிரி கேட்டாள்:

"தண்ணி இல்லாதப்ப நம்ம மடைய மூடி அடுத்தவனுக்கு விடுறது சரிங்க. ஐப்பசியில வெள்ளம் வருதே, அப்ப நம்ம பங்குக் கரையையும் விட்டுக் குடுப்பீங்களா?"

எங்கள் ஊரில் மழைக்காலத்துக்கு முன்னால் அவரவர் வயலை ஒட்டிய வாய்க்கால் கரைக்கு அவரவர் மண் அணைக்க வேண்டும். ஒருத்தன் தன் பங்கைத் தாழ்வாக விட்டுவிட்டால் அந்த இடத்தில்தான் உடையும். உடைந்த தண்ணீர் அவன் வயலில் நிற்காது, பள்ளத்தில் இருக்கிற கடைமடைக்காரனைத்தான் மூழ்கடிக்கும். இது எனக்குத் தெரியாததா? முப்பது வருஷமாக மண் அணைக்கிறேன். நான் விட்டுக்கொடுத்தது தண்ணீரை இல்லை, கரையை. அவளைச் சுற்றி இருந்த ஒரே கரையை.

என் தட்டு தொடாமல் முன்னால் இருந்தது. அவள், "சாப்பிடுங்க, ஆறிடும்" என்றாள்.

அடுத்த நாளே நர்சம்மாவிடம் போய்க் கையை நீட்டினேன். அவர் சிரித்துவிட்டார். காய்ச்சல் வந்தவர்களுக்கு மூன்று மாசம் கழித்துத்தான் போட வேண்டும் என்று அப்போது விதி. "போட்டுக்குங்கன்னு கெஞ்சினப்ப வரல. இப்ப நீங்க கெஞ்சினாலும் போட முடியாதுங்கய்யா" என்றார். அந்த மூன்று மாசமும் வீட்டுக்குள்ளேயே முகக்கவசத்தோடு இருந்தேன். அவளுக்குச் சாப்பாடு வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வேன். கூடத்தின் இந்தக் கோடியில் அவள் கட்டில், அந்தக் கோடியில் என் பாய்.

தெருவாசிகளுக்கு அந்தக் காகிதத்தைப் பற்றி நர்சம்மாவே சொல்லியிருக்கிறார். எனக்கு இருந்த தயக்கமெல்லாம் வீண். இரண்டாம் நாள் ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டம்மா வந்து நின்றார். முகக்கவசம். கையில் சாத்துக்குடிப் பை இல்லை, போன்தான் இருந்தது. ஊசி போட்டதற்கு வந்த மெசேஜைத் திறந்து ஜன்னல் கம்பி வழியாகக் காட்டினார். "போட்டுக்கிட்டேன் பாரு. கையி ரெண்டு நாளா தூக்க முடியல. உனக்காகத்தான் போட்டேன், நீ எனக்கு முறுக்கு சுட்டுத் தரணும், ஆமா" என்றார். என் மனைவி அன்றைக்குத்தான் வந்த பிறகு முதல் தடவை சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும். இருமிக்கொண்டே சிரித்தாள்.

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். போன் இல்லாதவர்கள் ஜாக்கெட் கையைத் தூக்கிக் காட்டினார்கள். நடவு வேலைக்குப் போகும் பெண்கள், ஒரே நாளில் எல்லோரும் போட்டால் எல்லோருக்கும் காய்ச்சல் வந்து நடவு நின்றுபோகும் என்று, நாலு நாலு பேராகப் போய்ப் போட்டுக்கொண்டார்கள். அதில் ஒரு தர்க்கம். நாற்று முடியைப் பிடிப்பது இடது கை, நடுவது வலது கை, எந்தக் கையில் போட்டுக்கொள்வது? இரண்டும் வேண்டாம், மூன்றாவதாக ஒரு கை இருந்தால் சொல்லுங்கள் என்று நர்சம்மா கேட்டாராம். ஜன்னலில் வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் ஷட்டரை முழுக்கத் திறந்து வாசலில் கயிறு கட்டிவிட்டார். கயிற்றுக்கு வெளியே நின்று வாங்கிக்கொண்டு போக வேண்டும். எங்கள் வீட்டைக் காட்டி, "அந்தம்மா முழுசாத் தேறுற வரைக்கும் உள்ள யாரும் கிடையாது" என்பாராம்.

அப்போது நான் யோசித்ததைச் சொல்கிறேன். உட்காரக் கூடாது, கூடக் கூடாது, மூடு, திற என்று சென்னையில் யாரோ ஒருவர் உத்தரவு எழுதினார். அவருக்கு என் மனைவியைத் தெரியாது. அவள் எட்டு மணிக்குத் தம்ளரோடு உட்கார்வது தெரியாது. ஆனாலும் அது அவளுக்காக எழுதியதுதான். அவளைத் தெரிந்த நான்தான் மதிக்கவில்லை.

கடைசியாகச் சித்தப்பா மகன் வந்தான், இரண்டாவது ஊசியும் போட்டுக்கொண்டு. கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். ஜன்னலைப் பார்த்து, "ரெண்டும் போட்டாச்சு அண்ணி. மொதோ ஊசி அண்ணன் தயவு" என்றான். என் மனைவி நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சியதற்கு நன்றி சொன்னாள். அதைக் காதில் வாங்காத மாதிரி என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான்.

"இனிமே எங்க போனாலும் செருப்ப வாசல்ல விடாதீங்கண்ணே. உங்க செருப்பு ஊருல எல்லாருக்கும் தெரியும்."

அன்று ஊசி போட்டுக்கொண்டு அந்த வழியாகத்தான் போயிருக்கிறான். பாதி ஷட்டருக்கு வெளியே கிடந்த செருப்பைப் பார்த்திருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏழு வருஷப் பகைக்கும் சேர்த்து என் மானத்தை வாங்கியிருக்கலாம். இந்த நான்கு வருஷத்தில் அவன் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவன் சொல்லாதது பெருந்தன்மை. நான் சொல்லாதது என்ன என்று எனக்குத் தெரியும்.

மூன்று மாசம் முடிந்த அன்றே போட்டுக்கொண்டேன். அன்று சாயங்காலம் என் பாயை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். அவ்வளவுதான்.

இதை இப்போது எழுத வைத்தது இந்த வருஷம் கோயிலில் நடந்தது. திருவிழாவில் எனக்குப் பரிவட்டம் கட்டினார்கள். கட்டும்போது ஒருவர் மைக்கில் என் பெருமையைச் சொன்னார். தண்ணீர்க் குடம், மடை, பிறகு மூன்று டோக்கன். வழக்கம்போல் அதோடு நின்றது. கூட்டத்தில் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், கல்யாணமாகிக் குழந்தை உள்ளவன், நின்றிருந்தான். அவன் அப்பாவுக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிறார்கள். வீட்டில் இருக்கிற எல்லோரும் ஃப்ளூ காய்ச்சலுக்கான தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என்னப்பா, போட்டீர்களா என்று விசாரித்தேன்.

"அப்பாவுக்குப் போட்டாச்சுங்க. நாங்கல்லாம் திடமாத்தான இருக்கோம். ஐயா மாதிரி, வேணுங்கறவங்களுக்குப் போகட்டும்னு விட்டுட்டோம்" என்றான். எவ்வளவு மரியாதையாகச் சொன்னான் தெரியுமா. என் வாக்கியத்தை எனக்கே கொடுத்தான்.

தலையில் பரிவட்டம் இருந்தது. அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவனை வெளிப் பிராகாரத்துக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இருமிக்கொண்டிருந்தவரையும் ஒரு மணி நேரம் குடித்த அந்த டீயையும் சேர்த்து. அவன் கண் கலங்கிக் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "இதை யாரும் சொல்லலையே ஐயா" என்றான்.

"நான் சொல்லலப்பா" என்றேன்.

அடுத்த புதன்கிழமை அவனும் அவன் மனைவியும் அம்மாவும் போய்ப் போட்டுக்கொண்டார்கள். அவன் அப்பா இப்போது சாயங்காலத்தில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்கிறார். வீட்டுக்கு வந்து பரிவட்டத்தை மனைவியிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவள் அதை மடித்துப் பூஜை மாடத்தில் வைத்துவிட்டு, அந்தக் கோல நோட்டைத் தேடி எடுத்து, பின்பக்கத்திலிருந்து எழுதச் சொல்லிக் கொடுத்தாள். எழுதிக்கொண்டிருக்கிறேன். எட்டாகப்போகிறது. தம்ளரோடு உட்கார்ந்துவிட்டாள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வீட்டில் மருந்து சாப்பிட்டுக்கொண்டு பலவீனமாக இருக்கிற ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் உங்களுக்குத் தெரிந்து இருப்பார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது என்னை நல்லவனாக்க வேண்டாம், கெட்டவனாக்கவும் வேண்டாம். சுவாமி காப்பாற்றினார் என்று முடிப்பதாக இருந்தால் முடியுங்கள், நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் இருக்கிறது இருக்கிற மாதிரியே முழுசாகச் சொல்லிவிட்டு முடியுங்கள். டோக்கனைச் சொல்ல மறந்தால்கூடப் பரவாயில்லை. டீயை விட்டுவிடாதீர்கள்.